பெயரைக் காத்த எழுத்தாளர்



வகுப்பில் உங்களுக்கு ராஜாக்களின் வரலாற்றை நிறையவே நடத்திவிட்டேன். இன்று ஓர் எழுத்தாளரின் வரலாறு. பெயர் ரிச்சர்ட் மேத்திசன். 1926-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் இருந்துவிட்டு வந்து இதழியல் படித்தார்.

1954-இல் 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல் வந்தது. கொள்ளைநோயில் ஊரே இரத்தக் காட்டேரிகளாக மாறிவிட, ஒருவன் மட்டும் மிச்சம். பழைய பேய்க் கதைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கிருமியே காரணம் என்று எழுதினார். பேய்க் கதை அறிவியல் கதை ஆகிவிட்டது.

அடுத்து 1956-இல், நாளுக்கு நாள் உருவம் சிறுத்துக்கொண்டே போகும் ஒருவனின் கதை. வாடகை வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து எழுதினார். அந்த நிலவறையே கதையிலும் வந்தது. அங்கே ஒரு சிலந்திதான் அரக்கன். யூனிவர்சல் நிறுவனம் படமாக்கக் கேட்டபோது அவர் ஒரே நிபந்தனை போட்டார்: திரைக்கதையை நானே எழுதுவேன். அதுவரை சினிமாவுக்கு எழுதிப் பழக்கமில்லாதவர்! ஒப்புக்கொண்டார்கள். 1957-இல் படம் வந்தது. அதன்பின் 'ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடருக்குப் பல கதைகள் எழுதினார். பறக்கும் விமானத்தின் இறக்கையில் ஒரு பூதத்தைப் பயணி பார்க்கும் 1963-ஆம் வருடத்துக் கதை இன்றும் பேசப்படுகிறது.

'ஐ ஆம் லெஜண்ட்' 1964-இல் படமானபோது அவருடைய திரைக்கதையை மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. தன் பெயரை எடுத்துவிட்டு 'லோகன் ஸ்வான்சன்' என்று புனைபெயர் போடச் செய்தார்.

இன்னொன்று. கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 அன்று, மேத்திசன் நண்பரோடு காரில் போகும்போது ஒரு லாரி பின்னாலேயே நெருக்கிக்கொண்டு வந்தது. அதில் பிறந்த கதையை உடனே யாரும் படமாக்கவில்லை. எட்டு வருடம் கழித்து, 1971-இல், 'டூயல்' என்ற தொலைக்காட்சிப் படமாக வந்தது. திரைக்கதை அவரே. இயக்கியவர் 24 வயது ஸ்பீல்பெர்க்!

உங்களில் சிலர் குறும்படம், இணையத் தொடர் என்று இறங்கியிருக்கிறீர்கள். கதையைக் கொடுக்கும்போது பணத்தை மட்டும் பேசாதீர்கள் கண்ணுகளா. எழுதப்போவது யார், மாற்றினால் யாரைக் கேட்பார்கள் என்பதையும் பேசுங்கள். முப்பது வயதில், முதல் படத்திலேயே, அவர் அதைக் கேட்டு வாங்கினார்.