சட்டத்தில் மேற்படிப்பு: உபகாரச் சம்பளம் எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

கோலாலம்பூர்: சட்டப் பட்டம் கையில் இருக்கிறது. அடுத்து எல்.எல்.எம் படிக்க ஆசை. வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி: "சரிப்பா, காசுக்கு என்ன செய்வ?"

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பல குடும்பங்களில் நடக்கும் பேச்சுதான் இது. முதல் பட்டத்துக்கே பி.டி.பி.டி.என் கடன் வாங்கி, அம்மாவின் நகையையும் அடகு வைத்தவர்கள் உண்டு. இனி ஒரு கடனா என்ற தயக்கம் நியாயமானது.

உபகாரச் சம்பளங்கள் இருக்கின்றன. ஆனால் யாருக்கு, எந்தப் படிப்புக்கு, என்ன நிபந்தனையோடு என்பது தெரியாமல் விண்ணப்பித்து ஏமாறுபவர்களும் அதிகம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்.எல்.எம் படித்தால் வழக்கறிஞர் ஆகலாமா?

முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மலேசியத் தீபகற்பத்தில் யார் வழக்கறிஞராகலாம் என்பதை 1976-ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டம் முடிவு செய்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டம், இங்கிலாந்தின் பாரிஸ்டர் தகுதி, அல்லது அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தோடு சி.எல்.பி தேர்ச்சி. இவற்றில் ஒன்று வேண்டும். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் சேம்பரிங். எல்.எல்.எம் இந்தப் பட்டியலில் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா வட்டாரத் தனியார் கல்லூரிகளில் லண்டன் பல்கலைக்கழக எல்.எல்.பி எடுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சி.எல்.பி-யில் ஐந்து தாள்கள் உள்ளன. நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. அதை எழுதாமல் வெளிநாட்டில் எல்.எல்.எம் முடித்து வந்தால், திரும்பி வந்தும் சி.எல்.பி எழுதத்தான் வேண்டும்.

கீழே வரும் பெரிய உபகாரச் சம்பளங்கள் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியவை. சி.எல்.பி கட்டணத்துக்கு அவற்றைக் கேட்க முடியாது. உங்கள் நோக்கம் நீதிமன்றத்தில் வாதாடுவது என்றால் சி.எல்.பி முதலில். விரிவுரையாளர் வேலை, நிறுவனச் சட்டம், மனித உரிமை, அனைத்துலக அமைப்புகள் என்று யோசிப்பவர்களுக்கு எல்.எல்.எம் உண்மையில் உதவும்.

உபகாரச் சம்பளம், ஃபெல்லோஷிப், கடன்: என்ன வித்தியாசம்?

மூன்றையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். ஆனால் மூன்றும் வேறு வேறு.

உபகாரச் சம்பளம் பட்டப் படிப்புக்கானது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் நிபந்தனை இருக்கும். ஃபெல்லோஷிப் பெரும்பாலும் வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு. சிலவற்றில் பட்டமே கிடைக்காது. அமெரிக்க அரசு 1978-இல் தொடங்கிய ஹம்ஃப்ரி ஃபெல்லோஷிப் அப்படிப்பட்டது. சட்டமும் மனித உரிமையும் அதன் துறைகளில் ஒன்று. ஏறக்குறைய பத்து மாதம் படிப்பும் பயிற்சியும் இருக்கும், பட்டம் இருக்காது. கடன் என்றால் கடன்தான். "கல்வி உதவி" என்று அழகாகப் பெயர் வைத்திருந்தாலும், திருப்பிக் கட்டணுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் படிக்க எவை உள்ளன?

செவ்னிங்: பிரிட்டன் அரசு 1983 முதல் வழங்குவது. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கான முழுக் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அடங்கும். சட்டமும் உண்டு. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கட்டாயம். அவர்கள் கணக்கில் 2,800 மணி நேரம். பகுதி நேர வேலையும் தன்னார்வப் பணியும் இதில் சேரும். மூன்று வெவ்வேறு படிப்புகளைக் குறிப்பிட வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. சட்டப் பட்டம் முடித்த உடனே விண்ணப்பிக்க முடியாதவர்கள், சேம்பரிங் செய்து ஓரிரு வருடம் வேலை பார்த்த பிறகு முயற்சி செய்யலாம்.

கேட்ஸ் கேம்பிரிட்ஜ்: 2000-இல் தொடங்கியது. பிரிட்டனைத் தவிர மற்ற எல்லா நாட்டினருக்கும் திறந்தது. கேம்பிரிட்ஜ் எல்.எல்.எம்-க்கும் கேட்கலாம். பல்கலைக்கழகச் சேர்க்கைப் பாரத்திலேயே இதற்கான பகுதியும் இருக்கும். தனி விண்ணப்பம் கிடையாது.

ரோட்ஸ்: ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க மலேசியர்களும் விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல், பெயரில் இளங்கலை போலத் தோன்றினாலும் முதுகலை நிலைப் படிப்பு. ரோட்ஸுக்கு வயது வரம்பு கண்டிப்பானது, இருபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டியவர்களுக்குக் கதவு மூடிவிடும். ஆகவே கடைசி ஆண்டிலேயே யோசிக்க வேண்டிய ஒன்று.

ஃபுல்பிரைட்: அமெரிக்காவில் படிக்க. மலேசியாவில் இதைக் கவனிப்பது கோலாலம்பூரில் உள்ள மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையமான மேசீ. 1963 முதல் இயங்குகிறது. படித்து முடித்தவர் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விசா விதி இதில் உண்டு. எந்த ஆண்டில் எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்பதை மேசீயின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்ஸ்ட்: ஜப்பானிய அரசின் ஆய்வு மாணவர் உபகாரச் சம்பளம். கோலாலம்பூரில் உள்ள ஜப்பானியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுவாக 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஜப்பானிய மொழி தெரியாதே என்று ஒதுக்கிவிட வேண்டாம். கியூஷு பல்கலைக்கழகம் 1994 முதல் ஆங்கிலத்தில் எல்.எல்.எம் நடத்துகிறது.

ஹார்வர்டு போன்ற இடங்களில் எல்.எல்.எம்-க்கான உதவி, மதிப்பெண்ணைப் பார்த்து அல்ல, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. இடம் கிடைத்த பிறகு "நமக்கு வசதியில்லை" என்று சொல்லத் தயங்க வேண்டாம். அதற்காகத்தான் அந்தப் பாரமே வைத்திருக்கிறார்கள்.

முனைவர் பட்டம் என்றால் ஆஸ்திரேலியாவையும் பாருங்கள். அங்குள்ள அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டம், வெளிநாட்டு மாணவர்களுக்கும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தருகிறது.

பாரிஸ்டர் ஆக விரும்புபவர்களுக்கு?

இங்கே பலர் தவறவிடும் ஒரு வழி இருக்கிறது. லண்டனில் லிங்கன்ஸ், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் என்று நான்கு இன்கள் உள்ளன. பாரிஸ்டர் பயிற்சிக்கு இவை ஒவ்வோர் ஆண்டும் உபகாரச் சம்பளம் தருகின்றன. வெளிநாட்டு மாணவர்களும் கேட்கலாம். ஓர் ஆண்டில் ஓர் இன்னிடம் மட்டுமே கேட்க முடியும். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் முதல் வாரம். படிப்பு தொடங்குவதோ அடுத்த ஆண்டு செப்டம்பரில். இங்கிலாந்தில் எல்.எல்.பி கடைசி ஆண்டு படிக்கும்போதே இந்தத் தேதியைத் தவறவிட்டு, பிறகு வீட்டை அடமானம் வைத்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

உள்நாட்டில் என்ன கிடைக்கும்?

பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ நிர்வகிக்கும் மாமன்னர் உபகாரச் சம்பளம், முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது. எல்லா இனத்தவரும் விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமை. அந்த ஆண்டு அறிவிப்பில் சட்டத்துறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உயர்கல்வி அமைச்சின் மைபிரேன் திட்டத்துக்கும் இதே ஆலோசனைதான்.

நீதித்துறை, சட்டத்துறைச் சேவையில் இருக்கும் அரசு அதிகாரிகளுக்கு எச்.எல்.பி எனும் கூட்டரசுப் பயிற்சி உதவி உண்டு. விடுப்பில் சென்று மேற்படிப்பு படிக்க உதவும் திட்டம் இது. அரசு வேலை கிடைத்ததும் படிப்புக் கனவை மூட்டை கட்டி வைக்க வேண்டியதில்லை.

மாரா உதவி பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் நம் மாணவர்கள் சிலர் நேரத்தை இதில் செலவிடுகிறார்கள், ஆகவே சொல்கிறோம்.

இந்திய மாணவர்களுக்கு ம.இ.கா-வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி கல்விக் கடன் வழங்குகிறது. மேலே சொன்னபடி, வாங்கும் முன் எவ்வளவு, எப்போதிலிருந்து திருப்பிக் கட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை 1972-இல் தொடங்கியது. கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி மாறி, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் வளாகம் பக்கத்தில்தான். வீட்டிலிருந்தே போய்வந்தால் வாடகை மிச்சம். ஆய்வு வழி முதுகலை, முனைவர் பட்டம் எடுப்பவர்கள், மானியம் வைத்திருக்கும் விரிவுரையாளரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர வாய்ப்புண்டு. இந்த இடங்கள் பெரிதாக விளம்பரமாவதில்லை. உங்கள் ஆய்வுத் தலைப்போடு பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவதுதான் வழி.

கையெழுத்துப் போடும் முன்: ஜாமீன் யார்?

இந்தப் பகுதியை அப்பா, அம்மாவும் படிக்கட்டும்.

பல உள்நாட்டு உபகாரச் சம்பளங்களுக்கு ஒப்பந்தம் உண்டு. படித்து முடித்து இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு ஜாமீனாகக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அப்பாவோ, மாமாவோ, சித்தப்பாவோ.

இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அரசு செலவில் ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர், ஒப்புக்கொண்ட காலம் முழுவதும் பணியாற்றவில்லை. அரசு வழக்கு போட்டது. கையெழுத்துப் போட்டபோது அவர் வயது வராதவர். 1971-இல் தீர்ப்பான மலேசிய அரசு எதிர் குர்சரண் சிங் வழக்கில், அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் கல்வி ஓர் அத்தியாவசியத் தேவை என்பதால், அதற்கு நியாயமான தொகையைக் கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

அதன் பிறகு 1976-இல் ஒப்பந்தச் சட்டம் திருத்தப்பட்டது. வயது வராதவர் என்ற காரணத்தால் கல்வி உதவி ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஒப்பந்தம் மீறப்பட்டால், அதில் எழுதியுள்ள தொகைக்கு மாணவரும் ஜாமீன்தாரரும் கூட்டாகப் பொறுப்பு. உண்மையில் நட்டம் ஏற்பட்டதா என்று நிரூபிக்கத் தேவையில்லை.

அதாவது, நீங்கள் லண்டனிலேயே வேலை பார்த்துத் தங்கிவிட்டால், கடிதம் வருவது கிள்ளானில் இருக்கும் மாமா வீட்டுக்கு. எத்தனை ஆண்டு பணி, எவ்வளவு தொகை, வேலை கொடுக்காவிட்டால் என்ன ஆகும். இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பாதிக் காசுதான் கிடைத்தது. மீதிக்கு?

ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். உங்கள் சேமிப்பிலிருந்தும் எடுக்கலாம். பெற்றோர் பிள்ளைக்காகவும் எடுக்கலாம். முழு உதவி பெறுபவருக்கு இது இல்லை. ஆனால், அது அப்பா அம்மாவின் ஓய்வுக்காலப் பணம் என்பதை மறக்க வேண்டாம்.

உள்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முதுகலை படித்தால், சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். உபகாரச் சம்பளமாக வரும் பணத்துக்கு வருமான வரி கிடையாது.

வேலையை விட முடியாதவர்கள், லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி எல்.எல்.எம்-ஐப் பார்க்கலாம். பாடத்துக்குப் பாடம் கட்டணம் கட்டி, ஐந்து ஆண்டுக்குள் முடிக்கலாம்.

பழைய பி.டி.பி.டி.என் கடன் இருந்தால், மேற்படிப்புக் காலத்தில் தவணையைத் தள்ளிவைக்கக் கோரலாம். தானாகத் தள்ளிப்போகும் என்று இருந்துவிடாதீர்கள். விண்ணப்பம் போட வேண்டும்.

எப்போது தொடங்க வேண்டும்?

அடுத்த ஆண்டு செப்டம்பரில் படிக்க வேண்டுமா? இந்த ஆண்டு ஜூனிலேயே தொடங்குங்கள்.

ஜூன், ஜூலை: பரிந்துரைக் கடிதத்துக்கு இருவரைக் கேளுங்கள். ஒருவர் விரிவுரையாளர், ஒருவர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்.

ஆகஸ்ட்: செவ்னிங் திறக்கும் காலம். அக்டோபர் அல்லது நவம்பரில் மூடிவிடும்.

நவம்பர்: இன்களின் கடைசி நாள்.

டிசம்பர்: கேம்பிரிட்ஜ் எல்.எல்.எம், கேட்ஸ் கேம்பிரிட்ஜ்.

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வ அகப்பக்கத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். செவ்னிங், ஃபுல்பிரைட், ஜே.பி.ஏ எதுவும் விண்ணப்பக் கட்டணம் கேட்பதில்லை. "உள்ளே ஆள் இருக்கு, 500 வெள்ளி கொடுங்க" என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்தால், அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

கட்டுரையில் என்ன எழுதுவது?

ஏறக்குறைய எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி உண்டு: இந்தப் படிப்பை வைத்து நாடு திரும்பி என்ன செய்வீர்கள்? "சமுதாயத்துக்குச் சேவை செய்வேன்" என்று எழுதினால் படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது.

சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறீர்களா? பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்காகப் பதிவிலாகாவுக்கு அலைந்த குடும்பத்துக்கு உதவியிருக்கிறீர்களா? அதை எழுதுங்கள். எந்தச் சட்டத்தின் எந்த இடத்தில் அந்தக் குடும்பம் மாட்டிக்கொண்டது, அதைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று எழுதுங்கள்.

முதல் முறை கிடைக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம். செவ்னிங்குக்கு அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். அதற்குள் வேலை அனுபவமும் ஓராண்டு கூடியிருக்கும்.