ரோஸ் போல் பந்தயமும் எஹலியகொட இறப்பர் பாலும்

டொரண்டோவில் வாழும் என் அக்காள் மகன் ஆண்டுப் பிறப்பன்று தவறாமல் தொலைபேசியில் அழைப்பான். நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் போய் நிற்கும். இம்முறை, “மாமா, இந்த ரோஸ் போல் பந்தயம் யுத்த காலத்துல ஊர் மாறி நடந்துச்சாமே, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான். தெரியாது என்று ஒப்புக்கொள்ளப் பத்திரிகைக்காரனுக்கு மனம் வருமா? “தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். தேடப்போன இடத்தில் எங்கள் எஹலியகொடைதான் குறுக்கே வந்து நின்றது.

அமெரிக்கர் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. தோட்டத்துத் துரைமார் ஆடிய றக்பியின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். 1941 இல் ஒரிகன் ஸ்டேட் கல்லூரி அணி, தோல்வியோடு பருவத்தைத் தொடங்கியும், ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று பசுபிக் கரையோரப் பிரிவின் முதலிடத்தை முதன்முறையாகப் பெற்றது. 1942 ஜனவரி முதலாந் திகதி கலிபோர்னியாவின் பசடீனாவில் ரோஸ் போல் பந்தயம். எதிரணி, அப்பருவத்தில் தோல்வியே காணாத டியூக் பல்கலைக்கழகம்.

டிசம்பர் 7 ஆந் திகதி பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பான் குண்டு வீசியது. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்று இராணுவம் கருதவே, பந்தயம் கண்டத்தின் மறுகரையிலுள்ள டியூக்கின் சொந்த ஊரான டர்ஹமுக்கு மாற்றப்பட்டது. அயல் பல்கலைக்கழகங்களிடம் ஆசனங்களை இரவல் வாங்கி 56,000 பேருக்கு இடம் செய்தார்கள். மழையில் நனைந்த மைதானத்தில் ஒரிகன் ஸ்டேட் 20 - 16 என வென்றது. அன்று ஆடியவர்களில் நால்வர் பின்னர் யுத்தத்தில் மாண்டனர். இத்தாலியப் போர்முனையில் காயமுற்றுக் கிடந்த டியூக் வீரர் சார்ல்ஸ் ஹெய்ன்ஸைச் சுமந்து சென்று காத்தவர், அவருக்கு எதிராக ஆடிய ஒரிகன் ஸ்டேட்டின் ஃப்ராங்க் பார்க்கர்.

என்னை நிறுத்தியது அந்த ரயிலில் ஏற முடியாமற் போன ஒருவரின் கதை. அவர் பெயர் ஜாக் யோஷிஹாரா. ஜப்பானில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா வந்து, ஒரிகனில் வளர்ந்தவர். பயிற்சி நடந்துகொண்டிருந்த மைதானத்துக்கே அதிகாரிகள் வந்து, அவர் பயணஞ் செய்யலாகாது என்று அறிவித்தனர். அடுத்த ஆண்டு போர்ட்லண்டில் கால்நடைக் கண்காட்சி மண்டபமொன்றில் அடைக்கப்பட்டு, பிறகு ஐடகோ மாநிலத்து மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார். இவ்வாறு அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். அதாவது, பிரஜாவுரிமையும் அங்கே காப்பாற்றவில்லை.

இனி எஹலியகொடைக்கு வருவோம். பந்தயம் முடிந்த நான்காம் நாள், 1942 ஜனவரி 5 இல், அமெரிக்காவில் டயர்களுக்குப் பங்கீடு வந்தது. அந்நாடு யுத்தத்தில் முதன்முதலில் பங்கிட்ட பண்டம் அதுவே. பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆண்டு முடிவதற்குள் பெற்றோலுக்கும் அமெரிக்கா எங்கும் பங்கீடு வந்தது. எண்ணெயைவிட டயரை மிச்சம் பிடிப்பதே அதன் முதன்மையான நோக்கம். பயணம் குறுகியது, இளைஞர் படைக்குப் போயினர், பல கல்லூரிகள் கால்பந்தையே நிறுத்திவிட்டன.

நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கையில்தான் இருந்தது. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை மாவட்டத் தோட்டங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் டன் எடுத்த நாட்டின் முதுகெலும்பாயின. முதிய மரங்களை, இனி பிழைக்காவிட்டாலும் போகட்டும் என்று, ஆழமாகவும் பல இடங்களிலும் வெட்டிப் பால் எடுத்தார்கள். என் தாத்தா எஹலியகொடைக்கு அண்மையிலிருந்த தோட்டமொன்றில் பால்வெட்டுக்காரர். இருட்டோடு பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் தன் மரங்களை வெட்டி முடித்து, சிரட்டைப் பாலைச் சேர்த்து, காய்ந்த ஒட்டுப்பாலையும் உரித்துக் கொண்டுவர வேண்டும். பர்மா வீழ்ந்தபின் அரிசி வரவில்லை. கூப்பன் அரிசி போதாமல் கோதுமை மாவு ரொட்டி லயத்துக்குள் நுழைந்தது, இன்றுவரை வெளியேறவில்லை.

தொழிலாளர் கடல் கடப்பதை இந்திய அரசு 1939 ஆகஸ்டிலேயே தடை செய்திருந்தது. ஊருக்குப் போனால் திரும்ப முடியாது என்ற அச்சத்தில் தாத்தா யுத்தம் முழுவதும் தோட்டத்தைவிட்டு நகரவில்லை என்று அப்பாயி சொல்வார்.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. மணமானவர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முந்திய ஏழாண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்ததை நிறுவ வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வாசகர்களே: 1939 முதல் 1945 வரை. அப்படியே யுத்த காலம்! ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் விண்ணப்பித்தும் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோரே பிரஜைகளாயினர்.

தாத்தாவின் விண்ணப்பமும் தள்ளுபடியானது. அந்த ஏழாண்டும் இங்கிருந்ததற்குப் போதிய அத்தாட்சி இல்லையாம். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் அவர் பெயர் இருந்திருக்கும். ஆனால் புத்தகத்தைத் தேடிக் கொடுப்பார் யாருமில்லை.

1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. என் சித்தப்பா குடும்பம் அந்தக் கணக்கில் தலைமன்னாருக்கு ரயிலேறியது. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. தாத்தா அதைக் காணவில்லை.

அமெரிக்க அரசு 1988 இல் முகாம்வாசிகளிடம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கியது. யோஷிஹாரா விட்டுச்சென்ற கல்லூரி, இப்போது பல்கலைக்கழகம், 2008 இல் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

இவற்றை மருமகனிடம் சொன்னேன். சிறிது நேரம் மௌனம். பிறகு, “தாத்தாவுடைய அந்தக் கடிதம் இருக்கா, மாமா?” என்று கேட்டான். இல்லை. லயத்துக் கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில் மற்றக் காகிதங்களோடு அதுவும் போய்விட்டது. பால்வெட்டுக் கத்தி மட்டும் என்னிடம் இருக்கின்றது.