சலவைத்தூள் பாஸ்பேட்

கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிணைத்து வெளுப்பை எளிதாக்கும் சேர்மம். பெரும்பாலும் சோடியம் டிரைபாலிபாஸ்பேட். துணிக்கு நல்லது, கேடு ஏரிக்குத்தான். கழிவுநீரில் போகும் பாஸ்பரஸ் பாசிக்கு உரமாகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. 1960களில் வட அமெரிக்காவின் ஈரி ஏரி இப்படித்தான் சீரழிந்தது. குற்றம் கார்பனுடையது என்று சோப்புத் தொழில்துறை வாதிட்டது. 1973இல் ஒன்டாரியோவின் 226ஆம் எண் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்த ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரசும் இட்டது. பின்னது மட்டும் பச்சைப்பசேலானது. அந்த ஏரியை வானிலிருந்து எடுத்த படம் அறிக்கைகளைவிட வலுவாக வாதாடியது. பாஸ்பேட்டின் இடத்துக்குச் சியோலைட் என்ற சேர்மம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல், வீட்டுச் சலவைப்பொருளில் பாஸ்பரஸ் ஒரு சலவைக்கு 0.5 கிராமை எட்டக் கூடாது.