அப்பாச்சி வழங்கியும் கொழும்பின் உழைப்பும்

ஒவ்வொரு கருவியும் தனியொரு மேதையின் மூளையிலிருந்தே பிறந்தது எனக் கற்பிக்கும் வரலாறு நம் வகுப்பறைகளில் இன்னும் செல்வாக்கோடு திகழ்கின்றது. பலர் கூடி ஆக்கிய பொருளுக்கும் ஒருவர் பெயரைச் சூட்டிவிடுதல் அவ்வரலாற்றின் வழக்கம். அப்பாச்சி என்னும் இணைய வழங்கியின் கதை அவ்வழக்கத்துக்கு அடங்குவதன்று. கொழும்பின் உழைப்புக்கும் அதிற் பங்குண்டாதலின் அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

இணைய வழங்கி என்பது தொலைவிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்போருக்கு அதனை எடுத்தனுப்பும் நிரலாகும். 1990களின் முற்பகுதியிற் பெருவழக்காயிருந்தது, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் றொப் மக்கூல் எழுதிய வழங்கி. 1994இல் அவர் அங்கிருந்து விலகியதும் அது கவனிப்பாரற்றுப் போயிற்று. அதனை நாள்தோறும் இயக்கியோர் அவரவர் இடத்திலிருந்தபடியே குறைகளைத் திருத்திக்கொண்டனர். 1995 பெப்ரவரியில் அவருள் எண்மர் கூடித் தம் திருத்தங்களைப் பொதுவில் வைத்தனர். ஏப்ரலில் அப்பாச்சியின் முதல் வெளியீடு வந்தது.

ஆனால் ஒட்டுப்போட்ட சட்டைக்கு எத்தனை நாள்தான் மேலும் மேலும் ஒட்டுப்போடுவது? ஒருவர் செய்த திருத்தம் மற்றவர் செய்த திருத்தத்தைக் குலைத்தது. எண்மருள் ஒருவரும் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் மாணவருமான றொபேட் தோ, அவ்வாண்டின் நடுப்பகுதியில் வழங்கியின் கட்டமைப்பையே மாற்றியெழுதினார். மையக்கருவுக்குச் சில வேலைகளே விடப்பட்டன. ஏனையவை தனித்தனி மொடியூல்களாயின. 1995 டிசம்பர் 1ஆந் திகதி வெளிவந்த 1.0 பதிப்பு இவ்வடிவத்திலேயே அமைந்தது. மறு ஆண்டில் வேறெந்த வழங்கியையும்விட மிகுதியாக அது பயன்பட்டது. தோ அவர்களின் சிறப்பு, தாம் எழுதியதில் அன்று. பிறர் எழுதுவதற்கு இடம் விட்டதிலேயே தங்கியுள்ளது என்பது நம் கருத்து.

அவ்விடம் எத்தகையது? வழங்கிக்கு வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் பல படிகளைக் கடந்து செல்லும்: கேட்கப்பட்ட பொருள் எங்குள்ளது எனக் காணல், கேட்பவர் யார் என அறிதல், அவருக்கு உரிமை உண்டா எனத் தேர்தல், விடையை ஆக்கல், நிகழ்ந்ததைப் பதிவேட்டில் எழுதல். எந்தப் படியில் தன்னை அழைக்க வேண்டும் என்பதை மொடியூல் முன்கூட்டியே அறிவித்து வைக்கும். அப்படி வந்ததும் மையக்கரு அதனை அழைக்கும். அது பொறுப்பை ஏற்கலாம். தனக்குரியதன்றேல் மறுத்து அடுத்ததற்கு விட்டுவிடலாம். கொச்சிக்கடையில் வாழ்வோர் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை அறிவர். கொள்கலத்தினுள் தேயிலையிருப்பினும் துணியிருப்பினும் அவற்றுக்கு ஒன்றே. மூலைப்பொருத்துகள் விதித்த அளவில் இருந்தாற் போதும். (நாட்டாமிமாரின் தோள்களுக்கு அக்கொள்கலம் என்ன செய்தது என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.) 1998இல் வந்த 1.3 பதிப்போடு, மூலநிரல் முழுவதையும் மீளத் தொகுக்காமலே மொடியூலைத் தனியே தொகுத்துச் சேர்க்கும் சிறு கருவியும் கிட்டியது. சி மொழியில் ஒரு கோப்பு, ஒரு கட்டளை, அமைவுக் கோப்பில் ஒரு வரி, அவ்வளவே.

இவ்வாயிலூடாகத்தான் கொழும்பு உள்ளே புகுந்தது. சஞ்சீவ வீரவர்ணவின் முன்முயற்சியால் லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேஷன் தோன்றித் திறந்த மூலப் பணிகளுக்கு இளம் பொறியியலாளரைத் திரட்டியது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவ்வேளையில் காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்யச் சில வாரங்களில் எழுந்த 'சஹன' முறைமை, அப்பாச்சியையும் அதனுள் மொடியூலாய் இயங்கும் பிஎச்பியையும் கொண்டே கட்டப்பட்டது. அதனை ஆக்கியோர் உரிமம் வாங்கக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

அடுத்து வந்தது நேரடியான மொடியூலாக்கம். கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இணையச் சேவைகளுக்கென அக்சிஸ்2/சி என்னும் இயந்திரம் பெரும்பாலும் கொழும்புப் பொறியியலாளரால் எழுதப்பட்டது. அப்பாச்சி வழங்கியினுள் அது ஒரு மொடியூலாகப் பொருந்தும். அதன் 1.0 பதிப்பு 2007இல் வெளியாயிற்று. பிறர் ஆக்கியதை விலைகொடுத்து வாங்கும் சந்தை எனவே கருதப்பட்ட ஒரு நாடு, உலகப் பொதுக் கருவியொன்றுக்கு உறுப்புச் செய்து கொடுத்தது. 2009இன் 1.6.0 பதிப்புக்குப் பின் நெடுங்காலம் புதிய வெளியீடு வரவில்லை. எளிய முறைகள் பரவ, அது சார்ந்திருந்த முறை செல்வாக்கிழந்தது.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு உடைமை பற்றிப் பேசாதிருத்தல் நேர்மையன்று. அப்பாச்சியின் உரிமம் எவரும் நிரலை எடுத்துத் தம் மூடிய விற்பனைப் பொருளிற் சேர்க்க இடமளிக்கின்றது. திருப்பித் தர வேண்டும் என்ற கடப்பாடு இல்லை. 1998இல் ஐபிஎம் நிறுவனம் அப்பாச்சியைத் தன் வணிகப் பொருளோடு இணைத்தது. றிச்சட் ஸ்ரோல்மன் வகுத்த குனூ உரிமமோ, மாற்றிப் பரப்புவோர் தம் மாற்றங்களையும் திறந்தே வைக்கக் கட்டளையிடுகின்றது. பொதுச் செல்வத்துக்கு வேலி வேண்டும் என்போர் பக்கமே நாம் நிற்கின்றோம். எனினும் மறுபுறமும் ஒன்றுண்டு. அக்சிஸ்2/சிக்கு உழைத்தோர் பலர் பணிபுரிந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைச் சுவீடனின் ஈக்யூடி என்னும் முதலீட்டுக் குழுமம் 2024இல் வாங்கியது. நிறுவனம் கைமாறியது, அப்பாச்சி அறக்கட்டளையிடம் இருந்த அந்நிரல் கைமாறவில்லை. எவ்வரியை எவர் எழுதினார் என்ற பதிவோடு அது இன்றும் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றது.

படிக்க மொழி வேண்டுமல்லவா? நம் மாணவர் உயர்தரம் வரை தகவல் தொழினுட்பத்தைத் தமிழிற் கற்கின்றனர். மொடியூல் எழுதும் வழிகாட்டியை அடைந்ததும் ஆங்கிலம் குறுக்கே நிற்கின்றது. அப்பாச்சியின் ஆவணங்களுட் பல பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், துருக்கியம் ஆகிய மொழிகளில் உள்ளன. அவற்றையும் பெயர்த்தோர் தன்னார்வலரே. ஒவ்வொரு கோப்பின் பெயரிறுதியிலும் அவ்வம் மொழிக்குரிய ஈரெழுத்துக் குறி நிற்கின்றது. தமிழுக்குரிய குறியை அங்கு நாம் காணவில்லை.