பெயரும் இரும்பும்: ஜப்பானியப் பழவாட்களின் வரலாறு

போர் முடிந்தபின் போர்க்கருவி துருவுக்கு இரையாவது உலக இயல்பு. அவ்வியல்புக்கு மாறாக, எழுநூறு ஆண்டுகட்கு முன் அடித்த வாளையும் நேற்று அடித்தது போல் ஒளிரக் காத்துவரும் நாடு ஜப்பான். காத்தல் அரிய செயலே. ஆயினும் காக்கத் தக்கது எது, தகாதது எது எனத் தெளிதல் அதனினும் அரிது. அத்தெளிவை ஜப்பானியர் ஒரு தனிக்கலையாகவே வளர்த்தனர். 1945-ஆம் ஆண்டில் தோல்வியுற்ற நாட்டின் வாட்களை அழிவினின்றும் மீட்டது அக்கலையே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இரும்பு மணலை மரக்கரி உலையில் இட்டு எடுத்த எஃகே ஜப்பானிய வாளின் முதற்பொருள். கொல்லன் அதனைப் பன்முறை மடித்து அடிப்பான். அதனால் வாளின் மேனியில் மரத்தின் உள்வரி போன்ற வரிகள் தோன்றும். பின்னர், களிமண் கலவையை வாளின் முதுகில் தடிப்பாகவும் வாய்ப்புறத்தில் மெல்லியதாகவும் பூசி, தழலில் காய்ச்சி நீரில் தோய்ப்பான். வாய்ப்புறம் விரைந்து குளிர்ந்து கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்ந்து உறுதி குன்றாமல் நிற்கும். கடினமான வாய்ப்புறத்தின் எல்லையில் மூடுபனி போன்றதொரு வெண்கோடு நிலைபெறும். அதனை ‘ஹாமோன்’ என்பர். யமாதோ, யமாஷிரோ, பிஸென், சாகாமி, மினோ என்னும் ஐந்து நாட்டுக் கொல்லர் மரபுகளிலும் வரியும் கோடும் வளைவும் வெவ்வேறு. ஆதலின், நண்பரின் கையெழுத்தை நாம் கண்டவுடன் அறிவது போல, வாள் நூல் வல்லார் கொல்லனை அவன் வேலையால் அறிவர்.

அவ்வாறாயின், கொல்லன் பெயரை வாளிலேயே பொறிப்பதில்லையோ எனின், பொறிப்பதுண்டு. மரப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியே அதற்குரிய இடம். ஆனால் அப்பெயரை நம்பி முடிவு செய்தல் ஆகாது. நீண்ட பழவாட்கள் பல, பிற்காலப் போர்முறைக்கேற்ப அடிப்புறத்தில் குறைக்கப்பட்டன. அப்பொழுது பெயரும் உடன் போயிற்று. இனி, பெயர் இருப்பினும் அது பொய்ப்பெயராதல் கூடும். பதினேழாம் நூற்றாண்டில் கவசத் தொழிலை விட்டு வாள் தொழிலுக்கு வந்து பெரும்புகழ் பெற்றவர் நாகாசோனே கொதெத்சு என்பார். அவர் பெயரைப் பொறித்த போலி வாட்கள் பெருகியமையால், கொதெத்சுவின் பெயரைக் கண்டால் போலியென்றே கொள்க என்னும் பொருளில் ஒரு வழக்குமொழியே அந்நாட்டில் எழுந்தது. மறுபுறத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மாபெருங் கொல்லர் மாசமுனே தம் பெயரை மிகச் சில வாட்களிலேயே பொறித்தார். பெயருள்ளது பொய்யாகவும், பெயரற்றது மெய்யாகவும் அமைந்த இவ்விடத்தில்தான் தேர்வோர்க்கு வேலை பிறந்தது.

அவ்வேலையைக் குலத்தொழிலாகக் கொண்டவர் கியோத்தோ நகரத்து ஹோனாமி குடும்பத்தார். ஹிதெயோஷி காலத்திலும், பின்னர்த் தொக்குகாவா ஆட்சியிலும் அவர்கள் வாட்களைத் தீட்டவும் தேரவும் அமர்த்தப்பட்டிருந்தனர். வாளின் மெய்ம்மையும் அதன் மதிப்பும் குறித்து அவர்கள் மடித்த தாளில் சான்று எழுதித் தந்தனர். மடித்த தாளாதலின் அதற்கு ‘ஒரிகாமி’ என்று பெயர். சிறுவர் விளையாடும் காகித மடிப்புக்கும் அதே பெயர்தான்! 1719-ஆம் ஆண்டில், ஷோகன் யோஷிமுனேயின் ஆணைப்படி, நாட்டின் புகழ்பெற்ற வாட்களின் பட்டியலை அவர்களே தொகுத்தளித்தனர்.

தேர்வோர் வாளின் அடிப்பகுதியில் படிந்த துருவையும் சான்றாகக் கொள்வர். நூற்றாண்டுகளாகப் படிந்த துரு கருமையும் ஒழுங்கும் உடையது. செயற்கைத் துருவுக்கு அவ்வியல்பு வாய்ப்பதில்லை. இஃதறியாதார், வெண்கல விளக்கைப் புளியிட்டுத் துலக்குவது போல் அத்துருவைத் தேய்த்தெடுத்து, வாளின் வயதுச் சான்றையே அழித்துவிடுவதுண்டு. கலை பயில்வோர்க்கு மற்றொரு பயிற்சியும் உண்டு. அடிப்பகுதியைத் துணியால் மூடி, வாளின் மேனியை மட்டும் காட்டி, கொல்லன் யாரென்று எழுதித் தரச் சொல்வர். பெயரை மறைத்துப் பொருளைக் காணும் இப்பயிற்சி இன்றும் நடைபெறுகிறது.

1876-ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு பொதுமக்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. கொல்லர் பலர் தொழிலிழந்தனர். அதனினும் பெரிய இடுக்கண் 1945-இல் வந்தது. வெற்றி பெற்ற நேசநாட்டுப் படையினர் வாட்கள் அனைத்தையும் ஒப்படைக்க ஆணையிட்டனர். பல்லாயிரக்கணக்கான வாட்கள் அழிந்தன. பல வீரர்களின் நினைவுப் பொருளாகக் கடல் கடந்தன. இந்நிகழ்ச்சியில் நம் நாட்டினர்க்கும் பங்குண்டு. பர்மாவில் போரிட்ட பதினான்காம் படையில் பெரும்பாலோர் இந்திய வீரரே. அப்படையை நடத்திய தளபதி ஸ்லிம், ஜப்பானிய அதிகாரிகள் தம் வீரர் காணத் தம் வாளை ஒப்படைக்க வேண்டுமென வற்புறுத்தினார். அவ்வாறு வந்தவற்றுள் பெரும்பாலன போர்க்காலத்தில் திரளாகச் செய்தவை. ஆயினும், படைவாளின் உறைக்குள்ளே முன்னோரின் பழவாளைப் பொருத்திக் கொண்டு களம் புகுந்தோரும் இருந்தனர். புறத்தே இரண்டும் ஒன்றே. பிரித்தறியக் கண் வேண்டும்.

அக்கண் வாய்ந்த அறிஞர் ஹோன்மா ஜுன்ஜி, சாத்தோ கான்சான் முதலியோர், அமெரிக்கப் படையின் கர்னல் காட்வெல் என்பாரிடம் வழக்குரைத்தனர். வாட்கள் அனைத்தையும் விட்டுவிடுங்கள் என்று மட்டும் இரந்திருப்பின் பயன் விளைந்திராது. எது கலைப்பொருள், எது வெறும் கருவி என்று ஒவ்வொரு வாளாகத் தேர்ந்து காட்ட அவர்களால் இயன்றது. 1946-இல் கலைமதிப்புள்ள வாட்களை உரிமத்துடன் வைத்திருக்க வழி பிறந்தது. தோக்கியோவின் அகபானே கிடங்கில் குவிக்கப்பட்டவற்றுள் சுமார் 5,000 வாட்கள் தேர்ந்தெடுத்துக் காக்கப்பட்டன. உரியவர் அறியப்படாத பல வாட்கள் 1999-இல் நாடெங்குமுள்ள அருங்காட்சியகங்களுக்கு வழங்கப்பட்டன.

எல்லாம் மீண்டனவா எனின், இல்லை. தொக்குகாவா குடும்பத்தில் வழிவழி வந்ததும், 1939-இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பெற்றதுமான ‘ஹோன்ஜோ மாசமுனே’ என்னும் வாள், 1945 டிசம்பரில் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அது போன இடம் தெரியவில்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், பெயரற்ற பழைய இரும்பென அது கிடத்தலுங் கூடும்.

1948-இல் கலைவாள் காப்புச் சங்கம் நிறுவப்பெற்றது. இன்று அச்சங்கம் வாட்களை ஆராய்ந்து நான்கு படிகளில் சான்று வழங்குகிறது. அதன் வாள் அருங்காட்சியகம் 2018 முதல் தோக்கியோவின் ரியோகொகுப் பகுதியில் உள்ளது. பழவாளை வைத்திருப்போர் மாவட்டக் கல்வி வாரியத்தின் பதிவுச்சீட்டும் பெறவேண்டும். அச்சீட்டில் நீளமும் வளைவும் பொறித்த பெயரும் இருக்குமேயன்றி, அப்பெயர் மெய்யென்னும் உறுதி இராது. அதனைத் தேர்வோரே கூற இயலும்.

படை தோற்றது, அரசு பணிந்தது. வாளைக் காக்க அன்று வாள் உதவவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பொருளை உற்று நோக்கிப் பழகிய கண்களே அதனைக் காத்தன. பழம்பொருளைப் போற்றுகிறோம் என்று கூறுவது யாவர்க்கும் எளிது. கேட்பார் முன் அதன் மெய்ம்மையை எடுத்துக்காட்ட வல்லார் சிலரேனும் ஒவ்வொரு தலைமுறையிலும் இருத்தல் வேண்டும். அத்தகையோர் உள்ள வரையில்தான் பழம்பொருளும் வாழும்.