எழுப்பிவிட்டது யார்? கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸும் மூணு தலைமுறையும்

இந்த எபிசோடு தீப்பெட்டியைப் பத்தி. கூடவே, அம்மாக்களை மன்னிக்கிறதைப் பத்தியும்.

கல்கத்தாவில் தொழில் கத்துக்கிட்டு வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923 வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினாங்க. அது சாத்தூர், கோவில்பட்டின்னு கரிசல் பூமி முழுக்கப் பரவிச்சு. இது மானாவாரி நிலம். ஐப்பசி மழை பொய்ச்சா பருத்தியும் இல்ல, கம்பும் இல்ல. விவசாயியைக் கொன்ன அதே வெயில், தீக்குச்சியைக் காய வைக்க வசதியா இருந்துச்சு.

தொழிற்சாலையை எங்க பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்னுதான் சொல்வோம். குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாச் செருகுறதுக்குப் பேரு கட்டை அடுக்குறது. எத்தனை கட்டையோ அத்தனை கூலி. சின்ன விரல்தான் வேகமா அடுக்கும்னு ஒரு கதை சொல்வாங்க. நான் அதை நம்பல. சின்ன விரலுக்குக் கூலி கம்மி, அவ்ளோதான். விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் கிராமம் கிராமமா வந்து பிள்ளைகளை ஏத்திட்டுப் போகும்.

அந்த நேரத்துக்குப் பிள்ளையை எழுப்பிவிடுறது யாரு? அம்மாதான். முதலாளி முகம் பிள்ளைக்குத் தெரியாது. அம்மா அடிச்சு எழுப்பினது மறக்காது.

எங்க ஆச்சி பத்து வயசுல கட்டை அடுக்கப் போனவங்க. காமராசர் 1956ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கின எட்டயபுரம் அவங்க ஊருக்குப் பக்கம்தான். பள்ளிக்கூடம் போயிருந்தா ஆச்சிக்கு ஒரு வேளை சோறு கிடைச்சிருக்கும். ஆனா அவங்க கூலியை நம்பி வீட்ல நாலு வயிறு இருந்துச்சு. அதே ஆச்சி, ஒன்பது வயசுல அம்மாவை அடிச்சு எழுப்பி பஸ்ஸில் ஏத்தினாங்க.

அம்மா என்னை இன்ஜினியரிங் படிக்க வச்சாங்க. ஆனா நான் சும்மா உக்காந்திருந்தா அவங்களுக்குத் தாங்காது. ஞாயித்துக்கிழமை ஏழு மணி வரைக்கும் தூங்கினா வீடே அதிரும். கை ஓய்ஞ்சா கூலி போச்சுங்கிற அந்தப் பயம் எனக்கும் வந்திருக்கு. லீவு நாள்லயும் லேப்டாப்பைத் திறந்து பாத்துட்டுதான் காபி குடிக்கிறேன்.

1986ல் வந்த சட்டம், 14 வயசுக்குக் கீழ உள்ளவங்களைத் தீப்பெட்டி வேலையில் வைக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. ஆனா குடும்பத்தார் உதவியோட நடக்குற பட்டறைக்கு விலக்கு கொடுத்துச்சு. என்ன அர்த்தம்? வீட்டுத் திண்ணையில் உக்காந்து பெட்டி ஒட்டுற பிள்ளைக்கு அம்மாதான் கணக்கப்பிள்ளை. முதலாளி கதையிலேயே இல்ல! இந்த விலக்குதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம். குத்தம் முழுசா வீட்டுக்குள்ள வந்துடுது.

1996 டிசம்பர் 10. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கணக்கை வேற மாதிரி எழுதுச்சு. சட்டத்தை மீறி வேலைக்கு வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும். பிள்ளைக்குப் பதிலா வீட்ல ஒரு பெரியவருக்கு அரசு வேலை கிடைக்கச் செய்யணும், முடியலன்னா 5,000 ரூபாய் போடணும். அந்தப் பணத்தோட வட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போற வரைக்கும் குடும்பத்துக்கு. அதாவது, கடன்பட்டவங்க முதலாளியும் அரசும்.

"ஆச்சியை மன்னிச்சிட்டியாம்மா?"ன்னு கேட்டேன். "அவளை என்னத்துக்கு மன்னிக்கணும்? அவளையும் ஒருத்தி எழுப்பித்தானே விட்டா"ன்னாங்க. தீர்ப்பைப் பத்திச் சொன்னேன். அது வந்தப்ப அம்மாவுக்கு 24 வயசு. 20,000ன்னதும் சிரிச்சிட்டாங்க. "யார்கிட்டப் போய் வாங்குறது? அந்த ஆபீஸை மூடி எத்தனை வருசமாச்சு."

சரி மக்களே, அடுத்த வாரம் பாக்கலாம்.