மறுபடி வந்துருமோ?

1996-இல் எங்கள் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். வயது 41. கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்பிள்ளைகள் இரண்டு பேர். தேவாரத்திலிருந்து மதுரைக்கு பஸ், அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்று சென்னைக்கு அலைந்து வைத்தியம் முடித்துத் திரும்பியபோது, “பிழைச்சு வந்துட்டா” என்று தெருவே சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. முதுகு பிடித்தாலும் இருமல் வந்தாலும், “தம்பி, மறுபடி வந்துருமோ?” என்பாள். செக்கப் தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே தூக்கம் போய்விடும். “டாக்டரே சரியாயிருச்சுன்னு சொல்லிட்டாரு, உனக்கு என்ன?” என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன்.

அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது, ஓய்வுபெற்ற பிறகு படிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கம்தான் பிற்பாடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக ஆனது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார்கள், மறு வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் நோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய பிறகே வந்தார்கள். பிழைப்பதே அரிது என்றிருக்கும்போது, திரும்பி வருமோ என்று பயப்படவும் ஆள் மிஞ்ச வேண்டுமே! வைத்தியம் வளர்ந்து, பிழைத்தவர்கள் பெருகிய பிறகுதான் இந்தப் பயம் டாக்டர்கள் கண்ணில் பட்டது.

1981-இல் அமெரிக்காவில் கூச்சர், ஓ'மேலி என்ற இருவர் குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். தலைக்கு மேல் ஒற்றை மயிரில் வாள் தொங்க, விருந்தில் உட்கார்ந்திருந்த டமாக்கிளிஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1985-இல் தானே புற்றுநோய்க்கு ஆளாகிப் பிழைத்த ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற டாக்டர், பிழைத்தவர் வாழ்க்கையை மூன்று பருவங்களாகப் பிரித்தார். வைத்தியம் முடிந்து வீடு திரும்பும் நடுப்பருவத்தை ஆள்வது இந்தப் பயம்தான் என்றார். நான் அக்காவிடம் எரிந்து விழுந்த பருவம் அது.

அப்புறம் பயத்தை அளக்கவே கேள்வித்தாள் வந்தது. 2003-இல் விக்பெர்க் என்ற அம்மையார் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கென்றே ஒன்று தயாரித்தார். சாவு, உடல்நலம், பெண்மை, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றில் எதை நினைத்துக் கவலை என்று தனித்தனியாகக் கேட்பது அது. 2009-இல் கனடாவில் சிமார்டும் சவார்டும் 42 கேள்விகளோடு இன்னொன்று கொண்டுவந்தார்கள்.

யாருக்கு இந்தப் பயம் அதிகம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். நோய் முற்றியிருந்தவர்களுக்குத்தான் பயம் அதிகம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் நோயின் கட்டத்துக்கும் பயத்துக்கும் பெரிய ஒட்டு உறவு இல்லை. திரும்பத் திரும்பத் தென்பட்டது இளவயது. அடுத்தது, விடாத வலி, அசதி மாதிரி உடம்பு கொடுக்கும் நினைவூட்டல்கள். வருஷம் போகப் போகத் தானாகக் குறையும் என்பதும் பலருக்கு நடப்பதில்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு இந்த நோய் மேல்நாட்டாரைவிடச் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

41 வயது, கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள், தூக்க முடியாத இடது கை. அக்கா பயப்படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பயத்துக்கு வைத்தியமும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஐந்து அமர்வுகள் பேசியே அதைக் குறைத்துக் காட்டினார்கள். 2017-இல் அந்த முடிவு வெளியானது. எங்கள் காலத்தில் “எல்லாம் மறந்துரு” என்பதுதான் வைத்தியம்.

2023 ஜூனிலிருந்து போடியிலேயே சென்னைக்கு ரயில் ஏறலாம். போன செக்கப்புக்கு நான்தான் கூடப் போனேன். திண்டுக்கல் தாண்டியும் அக்கா படுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“பயமா இருக்காக்கா?” என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஆமாடா தம்பி” என்றாள். கரூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம்.